உம்மா சொல்லக் காத்திருக்கும் பெட்டி

காத்தான்குடி
வியாழன் பின்னேரம்

அஸ்ஸலாமு அலைக்கும், மகன் இஷாம். இங்கே வாப்பா, தங்கச்சி, நான், பின்வளவுக் கோழிகள் எல்லாரும் அல்லாஹ்வின் காவலில் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், ஆனால் படத்தில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது, அதனால் உன் சுகத்தை நான் பாதிதான் நம்புகிறேன்.

காக்கா, இவ்வளவும் உம்மா சொன்னது. எழுதுவது உங்கள் தங்கச்சி ஹிதாயா. உம்மா அறை வாசலில் இருந்து இறால் உடைத்துக்கொண்டு சொல்கிறா, நான் உங்கள் பழைய மேசையில் இருந்து எழுதுகிறேன். உம்மா சொல்வதையும் சொல்லும்போது இங்கே நடப்பதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “இத எழுதாத” என்று உம்மா சொன்னால் அதையும் எழுதுவேன். போனில் பேசினால் ஒரு நிமிஷத்தில் முடியுமே, ஏன் கடிதம் என்று கேட்டேன். “போன்ல அவன் பேசுவான், நான் கேப்பன். கடுதாசில நான் பேசுறன், அவன் கேக்கட்டும்” என்றா. சனிக்கிழமை நளீர் காக்கா லீவு முடிந்து நீங்கள் இருக்கிற கட்டாருக்குத் திரும்புகிறார், அவர் கையில் இது வரும்.

முதலில் வீட்டுச் செய்தி. வாப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எண்ணெய் பூசியதால் என்று வாப்பா சொல்கிறார், கடைக்கு நடந்து போவதால் என்று உம்மா சொல்கிறா, இதைப் பற்றி இரண்டு பேரும் இன்னும் வாதாடி முடியவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் ஏறியிருந்த தண்ணீர் வற்றிவிட்டது, நீங்கள் நட்ட ஜம்பு மரம் பூத்திருக்கிறது. கடையில் புதுச் சாரன் வந்திருக்கிறது, உங்களுக்கு உடுக்க இரண்டு எடுத்து வைத்திருக்கிறோம், கடிதத்தோடு அதுவும் வரும். வெயிலில் இருந்து வந்த உடனே ஐஸ் தண்ணீர் குடிக்க வேண்டாமாம். இரவில் பாணும் டின் மீனும் தின்றுவிட்டுப் படுக்க வேண்டாமாம். இதை உம்மா திரும்பத் திரும்பச் சொன்னா, நான் ஒரு தரம்தான் எழுதுகிறேன்.

இனி விஷயம். உங்கள் அறையில் இருக்கிற பழைய கொம்பியூட்டரைக் கழற்றிக்கொண்டு போய்ப் பாகம் பாகமாகக் கொடுத்துவிடும்படி உங்கள் கூட்டாளி ஸாஜித் காக்காவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஓட்டமாவடியில் யாரோ கேட்டிருக்கிறாராம். நாளை ஜும்ஆவுக்குப் பிறகு ஸாஜித் காக்கா வருவார். உம்மாவுக்கு அதைக் கொடுக்க விருப்பம் இல்லை. உம்மாவுக்கும் கொம்பியூட்டருக்கும் என்ன என்று நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. நீங்கள் படிக்கிற காலத்தில் அதன் மேல் போட்ட துணியைக்கூட உம்மாவைத் தொட விடமாட்டீர்களாம். “தொடாதீங்க உம்மா, பழுதாப் போயிடும்” என்பீர்களாம். தொடாமலே இத்தனை வருஷம் தூசி தட்டி வைத்திருந்தேன் என்று உம்மா பெருமையாகச் சொல்கிறா.

எல்லாம் நீங்கள் அனுப்பிய புதுப் போனில் தொடங்கியது. அது நல்ல போன், படம் தெளிவு, அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அது தன்பாட்டில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், காலையில் பார்த்தால் நேற்றைய பொத்தான் நேற்றைய இடத்தில் இராது. ஒரு நாள் நீங்கள் எடுத்தபோது உம்மா வழக்கமான இடத்தில் அழுத்த, அழைப்பு அறுந்துவிட்டது. மகன் கோபித்துக்கொண்டான் என்று நினைத்து உம்மா பகல் சாப்பிடவில்லை. (இத எழுதாத என்றா.) “நான் நித்திரையா இரிக்கக்குள்ள யாரோ வந்து என்ட குசினிய மாத்தி அடுக்கிட்டுப் போற மாதிரி இரிக்கி” என்றா. போதாததற்கு, ஒப்புக்கொள்கிறீர்களா, ஒப்புக்கொள்கிறீர்களா என்று அது அடிக்கடி கேட்கும். “நிக்காஹ்வுக்கு என்னட்ட ஒருக்காத்தான் சம்மதம் கேட்டாங்க, இது கிழமைக்கு ஒருக்காக் கேக்குது. என்னெண்டே விளங்காத ஒண்டுக்கு நான் எப்பிடி ஓம் படுற?” என்று உம்மா ஏசினா. சாய்மனையில் கிடந்த வாப்பா, “அண்டைக்கு மட்டும் விளங்கியா ஓம் சொன்ன நீ?” என்று கேட்டார். அன்றைக்கு வாப்பாவுக்குப் பிளேன்டீ பிந்தித்தான் கிடைத்தது.

அந்த நாட்களில்தான் எனக்கு ஸ்கூல் லீவு. தகவல் தொழில்நுட்பம் பாடமாக எடுத்திருப்பதால், பழைய பெட்டி இன்னும் வேலை செய்யுமா என்று பார்க்க ஆசையாக இருந்தது, துணியை எடுத்துவிட்டுக் கரண்ட் ஆளியைப் போட்டேன். உள்ளே ஏதோ கரகரத்தது, திரை மெல்லச் சூடேறியது, பிறகு கறுப்பில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நின்றது. வேறு ஒன்றும் இல்லை. உம்மா எட்டிப் பார்த்து, “இது என்ன கேக்குது?” என்றா. ஒன்றும் கேட்கவில்லை உம்மா, காத்துக்கொண்டு இருக்கிறது என்றேன். “எதுக்கு?” நீங்கள் ஏதாவது சொல்வதற்கு என்றேன். உம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. “இந்த ஊட்டுல நான் சொல்லும் வரைக்கும் வாயப் பொத்திட்டு இரிக்கிற ஒராள் இரிந்திரிக்கி, எனக்குத் தெரியாமப் போயிட்டே” என்றா. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. அன்றைக்கு இருந்தவதான் காக்கா, இன்னும் எழும்பவில்லை.

கொம்பியூட்டருக்குக் கட்டளை எழுதப் பழக்குகிற உங்கள் பழைய பேசிக் புத்தகம் மேசை லாச்சியில் கிடந்தது, ஓரமெல்லாம் கிரிக்கெட் மட்டை கீறி வைத்திருக்கிறீர்களே, அதுதான். நான் வாசித்துச் சொல்லச் சொல்ல உம்மா ஒரு விரலால் அடித்தா. இஃப், தென், அதாவது இப்படி என்றால் இதைச் செய் என்பது உம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. “மழ வந்தா உடுப்ப எடு எண்டு நான் உங்களுக்கு நாளாந்தம் சொல்றதுதானே, இது ஒருக்காச் சொன்னாச் செய்யுது” என்றா. வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று இடைவெளி விட்டு இலக்கம் போடுவது ஏன் என்று நான் விளக்கத் தொடங்க முன்னமே, வளர்கிற பிள்ளைக்கு உள்ளே துணி மடித்து விட்டுத் தைப்பதைப் போல, பிறகு நடுவில் வரி சேர்க்க இடம் விடுவதுதானே என்றா. நான் புத்தகத்தில் அவ்வளவு நல்ல விளக்கம் வாசிக்கவில்லை.

பிறகு உம்மா ஒரு விளையாட்டு எழுதினா. வாவியில், நாம் ஆறு என்கிறோமே, அதில் வலை வீசுகிற விளையாட்டு. நாம் போனில் செய்தி அனுப்புவதைப் போல ஆங்கில எழுத்தில் தமிழ்தான். எந்தப் பக்கம் வீசுவது என்று கேட்கும், பாலத்தடி, கண்டல் ஓரம், நடு ஆறு என்று நாம் அடிக்க வேண்டும், பிறகு இழுத்தால் மணலை மீனோ நண்டோ இறாலோ வரும். பெரும்பாலும் பழைய செருப்பு வரும். எது வரும் என்று தீர்மானிக்கிற வரிக்கு உம்மா நசீப் என்று பெயர் வைத்திருக்கிறா, அவரவர் தலையெழுத்தாம். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் அது ஓடாது, ஆனால் எந்த வரியில் பிழை என்று மரியாதையாகச் சொல்லும், உம்மா போய்த் திருத்திவிட்டு வருவா. திருத்தியது திருத்தியபடியே நாளைக்கும் இருக்கும். அதுதான் உம்மாவுக்கு ஆச்சரியம். “வெச்ச இடத்துல வெச்சது கிடக்குது” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறா.

முதன்முதல் விளையாட வந்தவ பக்கத்து வீட்டு றிஸ்லா ராத்தா. வலை வீசினா, செருப்பு, திரும்ப வீசினா, நண்டு, திரும்ப, திரும்ப. கரைக்கு வருகிற வழியை உம்மா எழுத மறந்துவிட்டா. “அடுப்புல சோறு கிடக்கு, என்னக் கரையில விடுங்க மாமி” என்று ராத்தா அழாக்குறையாகக் கத்தினா, தான் நடு ஆற்றில் நிற்பதாகவே நினைத்துவிட்டா போலிருக்கிறது, எழும்பிப் போகலாம் என்று அவவுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. உம்மா பதறி, கரண்டை நிப்பாட்டு என்றா, நான் நிப்பாட்டினேன், அவ்வளவு நேரம் எழுதியதில் கடைசிப் பகுதி சேமிக்காமல் அழிந்துபோனது. சோறும் அடிப்பிடித்தது. உம்மா கவலைப்படுவா என்று பார்த்தால், அழிந்ததை மனப்பாடமாகத் திரும்ப அடித்தா, கூட ஒரு வரியும் சேர்த்தா. எங்கே நின்றாலும், வலை பாதி இழுபட்டுக் கிடந்தாலும், வீடு என்று அடித்தால் உடனே கரைக்கு வந்துவிடலாம்.

எப்போதாவது விழுகிற பெரிய மீனான கொடுவா பிடித்தால் பாட்டு வர வேண்டும் என்பது வாப்பாவின் கோரிக்கை. பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் பீப் என்று மட்டும்தான் கத்தும், ஆனால் ஏற்றி இறக்கிக் கத்த வைக்கலாம். உம்மாவுக்கு முழுசாகத் தெரிந்த மெட்டு, ஒழுங்கையில் பாண் விற்க வருகிற ஓட்டோ போடுகிற மெட்டு ஒன்றுதான், அதையே வைத்தா. முதல் கொடுவா வாப்பாவுக்கு விழுந்தது. மெட்டுக் கேட்டு ஒழுங்கைப் பிள்ளைகள் பை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். அடுத்த நாள் உண்மையான பாண்காரர் வாசலில் ஓட்டோவை நிறுத்தி, “இந்த ஊட்டுக்குள்ளால யாரு எனக்குப் போட்டியா ஓடுற?” என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டுக் காட்டினோம். அவருக்கு ஐந்து தரமும் செருப்புத்தான்.

போன சனிக்கிழமை ஸாஜித் காக்கா நீங்கள் அனுப்பச் சொன்ன புதுக் கொம்பியூட்டரைக் கொண்டுவந்தார். மெல்லியது, வடிவானது. மின்னஞ்சல் கேட்டது, போன் இலக்கம் கேட்டது, ஒப்புக்கொள்ளச் சொன்னது, பிறகு புதுப்பிக்கத் தொடங்கியது, நாங்கள் பகல் சாப்பிட்டு முடிந்தும் அது முடியவில்லை. முடிந்ததும் உம்மாவின் முகத்தைக் காட்டச் சொன்னது. உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னுக்குப் போய்விட்டா. “ஆரெண்டே தெரியாத ஒருத்தனுக்கு நான் ஏன் மொகத்தக் காட்டணும்?” என்றா. ஸாஜித் காக்காவுக்கு வெட்கமாகிவிட்டது, அதைக் கட்டாயம் காட்டத் தேவையில்லை மாமி என்று எதையோ அழுத்தித் தாண்டினார். அது புதுப்பித்த நேரம் முழுக்க அவர் என்ன செய்தார் தெரியுமா? பழைய பெட்டியில் வலை வீசிக்கொண்டு இருந்தார். கொடுவா விழாமல் எழும்பமாட்டேன் என்று அசர் தொழுகை வரைக்கும் இருந்தார். போகும்போது, “மாமி, இதக் கழட்ட எனக்கு மனம் வருதில்ல, ஆனா இஷாம் மச்சான் ஏசுவான், அவன் ஓம் எண்டாத்தான்” என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை வருவதாகப் போனார்.

உண்மையாக எழுதுவேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். எனக்குப் புதியது வேண்டும். வீடியோ வகுப்புப் பார்க்கப் பழையது உதவாது. புதியதை நான் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படிக்கிறேன், மிகவும் நன்றி காக்கா. நீங்கள் வெயிலில் நின்று வேர்வை சிந்தி அனுப்பியது என்று தெரிந்துதான் உம்மா இத்தனை நாள் வாய் திறக்கவில்லை, வேண்டாம் என்றால் உங்கள் மனம் நோகும் என்று பயந்தா.

இந்த இடத்தில் உம்மா சொல்ல நான் எழுதிய வரி: ஆகவே மகன், அந்தப் பழைய பெட்டியை வைத்துக்கொள்ள நீ எனக்கு அனுமதி தர வேண்டும்.

அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். உம்மா கையில் இருந்த இறாலை உடைத்துச் சட்டியில் போட்டா. கடுதாசி எப்ப போய்ச் சேரும் என்று கேட்டா. ஞாயிற்றுக்கிழமை என்றேன். ஸாஜித் எப்ப வருவான் என்றா. நாளைக்கு என்றேன். உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “புள்ள, அந்தப் பெட்டியே எல்லாத்தையும் என்னட்டக் கேட்டுத்தான் செய்யுது. அத வெச்சிரிக்க நான் ஏன் இன்னொராளிட்டக் கேக்கணும்? வெட்டு அத” என்றா. வெட்டினேன், மேலே கோடு கீறிக் கிடப்பது அதுதான், வாசிக்க முடிகிற மாதிரி மெல்லிசாகத்தான் வெட்டினேன். அதற்குப் பதிலாக எழுதச் சொன்னது இது: மகன், பெட்டி இங்கேதான் இருக்கும். ஸாஜித்துக்கு நாளைக்கு நானே சொல்லுவேன், இறால் ஆணமும் சோறும் கொடுத்துச் சொல்லுவேன். நீ வாங்கித் தந்த எல்லாவற்றையும் என் தலையில் வைத்திருக்கிறேன், இந்த ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே.

சொல்லிவிட்டு உம்மா வாப்பாவைப் பார்த்தா. வாப்பா, செருப்பைக் கொஞ்சம் குறைத்தால் தனக்கும் சம்மதம் என்றார்.

இத்துடன் மூன்று தாள் வைத்திருக்கிறேன். உம்மாவின் விளையாட்டு முழுவதும் வரி வரியாக அதில் இருக்கிறது, என் கையெழுத்து. பழைய பெட்டியைப் போல நடிக்கிற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் என்று ஸாஜித் காக்கா சொன்னார், உங்கள் மடிக்கணினியில் போட்டு நீங்களே அடித்து ஓட வையுங்கள். பார்த்து அடிக்கச் சொல்கிறா உம்மா, அவசரப்பட்டால் ஓடாதாம், சின்ன வயதில் நீங்கள் அவசரக்காரனாம். பிடித்த மீனைப் போனில் சொல்ல வேண்டுமாம். வேலை கூடின நாளில் விளையாட்டை நடுவில் விட்டுவிட்டுப் படுக்காமல், வீடு என்று அடித்துக் கரைக்கு வந்துவிட்டுத்தான் படுக்க வேண்டுமாம். இதைச் சொல்லும்போது உம்மாவின் குரல் கொஞ்சம் மாறியது, அதை எழுதாதே என்று சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன் கைக்குப் பலமும் உன் நித்திரைக்கு அமைதியும் தரட்டும். பெருநாளைக்கு வரும் லீவைப் பற்றி முதலாளியிடம் இப்போதே ஞாபகப்படுத்திவிடு.

உன் உம்மா,
பஹீமா

கையெழுத்து உம்மாவே போட்டது. கை கழுவிவிட்டுத்தான் போட்டா, ஆனாலும் தாளில் இறால் மணம் வந்தால் மன்னிக்கவும். மஃரிப் தொழுதுவிட்டு உம்மா பெட்டிக்கு முன்னால் இருந்துவிட்டா, வாப்பா பக்கத்தில் கதிரை போட்டுவிட்டார். எனக்கு இன்னும் எழுத இருந்தது, ஆனால் திரை வடிவாகத் தெரியட்டும் என்று உம்மா லைட்டை நிப்பாட்டிவிட்டா.