என் பெயரில் கொடுத்த இரத்தம்

சேசு மரி சூசை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
21.10.1989

அன்பின் அத்தானுக்கு பெர்னடெட் எழுதுவது,

எனக்கு ஒரு நோயும் இல்லை. பிள்ளைகள் யூட்டும் யோசப்பினும் சுகம். என் இரத்தத்தில் கடும் வருத்தம் கண்டிருப்பதாகவும் அதைத் தந்தி மூலம் கப்பலுக்கு அறிவித்துவிட்டதாகவும் உங்கள் கப்பல் கம்பனியின் கொழும்புக் கந்தோரிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அந்தத் தந்தியோடு நீங்கள் நடுக்கடலில் எத்தனை நாள் தவித்தீர்களோ தெரியாது. என்னை மன்னியுங்கள். அது என் இரத்தம் இல்லை. எங்கள் ஸ்ரெல்லாவின் இரத்தம்.

கம்பனியில் யாரும் பிரித்துப் பார்த்துவிடக்கூடாது என்றுதான் இதை, கப்பல் கரை தட்டினால் நீங்கள் பூசைக்குப் போகிற சிங்கப்பூர்க் கோவில் விலாசத்துக்குப் போடுகிறேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆடி மாதம் தொட்டே உங்கள் தங்கச்சி ஸ்ரெல்லாவுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். வலை பின்ன உட்கார்ந்தால் அரை மணித்தியாலத்தில் சுவரோடு சாய்ந்துவிடுவாள். பல் விளக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வந்தது. எங்கும் அடிபடாமலே கையிலும் தொடையிலும் நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் பார்க்க வேண்டும், அதற்குரிய மருந்து கொழும்பிலிருந்து வரவில்லை, வெளியில் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

பட்டணத்தில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் விசாரித்தேன். முந்நூற்றெண்பது ரூபாய் என்றார்கள். கம்பனிக் காப்புறுதி அட்டை இருந்தால் முப்பத்தெட்டு ரூபாய், மிச்சத்தை அவர்கள் கம்பனியிடம் எடுத்துக்கொள்வார்கள். தெற்கில் நடந்த வேலைநிறுத்தத்தால் நீங்கள் அனுப்பும் பணம் இரண்டு மாதமாக வந்து சேரவில்லை. என்னிடம் அறுபது ரூபாய்தான் இருந்தது. ஆனால் அட்டை இருந்தது. அதில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு, தங்கச்சிக்கு இல்லை. படமும் ஒட்டியிருக்கவில்லை.

யாரிடமாவது கைமாற்றுக் கேட்டிருக்கலாம். இப்போது அப்படித் தோன்றுகிறது. அன்றைக்கு அட்டை கையில் இருந்ததால் அதை நீட்டினேன். ஸ்ரெல்லாவுக்கு விருப்பமே இல்லை. "அண்ணி, பொய்ப் பேரிலை ஊசி குத்தினா மாதா பாத்துக்கொண்டிருப்பாவோ?" என்று கேட்டாள். அவளை நான்தான் அதட்டிக் கூட்டிப்போனேன்.

அங்கே "பெர்னடெட்" என்று கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. நான் முழங்கையால் இடித்த பிறகுதான் எழும்பிப் போனாள். வயது முப்பத்தொன்று என்று எழுதியிருந்ததைப் பார்த்த டாக்குத்தர், ஆளைப் பார்த்தால் சின்னப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று சிரித்துவிட்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு என்றாள். பேர் கேட்டார். யூட், யோசப்பின் என்று அவள் தயங்காமல் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்ததை நான் கண்டேன், அத்தான். தனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிற மாதிரி அந்த ஒரு நிமிடம் இருந்தாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. டாக்குத்தர் அவளை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, நோயாளியின் மச்சாள் என்று என்னை உள்ளே கூப்பிட்டார். இரத்தப் புற்றுநோய் என்றார். தாமதிக்காமல் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், அங்கே காசு கட்டத் தேவையில்லை என்றார். கடதாசியைப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. இந்தக் கடதாசியோடு அவளை எப்படிக் கொண்டுபோவது?

உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரப் பதினாறு நாள் பிடித்தது. உங்கள் வேலை போய்விடுமோ, பொலிசுக்குச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டு இருந்தேன். டிஸ்பென்சரி பில்லோடு முடிவையும் கம்பனிக்கு அனுப்பியிருக்கிறது. கந்தோர்க் கடிதம் வந்த அன்றுதான், இனி மறைக்க முடியாது என்று டாக்குத்தரிடம் ஓடினேன். அவர் ஏசவில்லை. "அம்மா, நான் பேரை மாத்தி எழுதேலாது. அவவின்ரை சொந்தப் பேரிலை திருப்பி எடுங்கோ" என்றார். என் காதுத் தோட்டை அடைவு வைத்தேன். முந்நூற்றெண்பது ரூபாயையும் எண்ணிக் கட்டினேன். ஸ்ரெல்லா கையை நீட்டிக்கொண்டு, "அதே இரத்தந்தானே அண்ணி, ஏன் இன்னொருக்கா?" என்று கேட்டாள். பேர் பிழைத்துப் போச்சு என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது முடிவு முதலாவதைவிட மோசம். அந்தப் பதினாறு நாளால்தானா என்று கேட்டேன். இல்லை, இந்த வருத்தம் அப்படித்தான் ஓடும் என்றார் டாக்குத்தர். அது உண்மையோ, என்னைத் தேற்றச் சொன்னதோ, எனக்குத் தெரியாது. படுத்தால் அதுதான் நினைவு.

வருகிற செவ்வாய்க்கிழமை வான் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோகிறேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு லூர்த்தம்மா அக்கா பார்ப்பா. கொட்டாஞ்சேனையில் சிசிலியா அக்கா வீட்டில் தங்குவோம். இரத்தம் குறைவு, ஏற்றினால் சரி என்று ஸ்ரெல்லாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மகரகமை என்ற பேரை இன்னும் அவள் காதில் போடவில்லை. பொய்ப் பேர் கொடுத்த பாவத்துக்காக மூன்று ஞாயிறாக அவள் நற்கருணை வாங்கவில்லை. பாவம் என்னுடையது என்று சொன்னாலும் கேட்கிறாள் இல்லை. சுவாமியாரை வீட்டுக்குக் கூட்டிவந்து கதைக்கச் செய்தேன். நாளைக்கு வாங்குவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கம்பனிக்கு நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கட்டிய காசை நான் எப்படியாவது திருப்பிக் கொடுப்பேன். உங்கள் வேலைக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் செத்துப்போகிற நோய் என் பெயரிலும், சுகமான உடம்பு அவள் பெயரிலும் எழுதிக் கிடக்க என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரேயொரு காரியம் கேட்கிறேன். ஸ்ரெல்லாவுக்குத் தனியாகக் கடிதம் எழுதுங்கள், சிசிலியா அக்கா வீட்டு விலாசத்துக்கு. அன்பாக எழுதவேண்டாம். அவளுடைய கையெழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி என்று போன முறை ஏசி எழுதினீர்கள், அதை வாசித்து மூன்று நாள் சிரித்தாள். அதே மாதிரி எதற்காவது ஏசுங்கள். நீங்கள் ஒரு வரி இரங்கி எழுதினாலும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். கெதியாக எழுதுங்கள், அத்தான். தபால் வந்து சேர நாள் எடுக்கும்.

கடலில் உங்களை மாதா காக்கட்டும்.

உங்கள்
பெர்னடெட்