பட்டு சுற்றிய போல்ட்

நவ. 4, செவ்.
காலை முழுக்கத் தூறல். ஏனாத்தூரில் வகுப்பு முடித்துத் திரும்பும்போது பைக்கின் முன்பக்க பிளாஸ்டிக் உறை வலப்புறம் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு போல்ட் வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. வாசலில் நிறுத்துவதற்குள் தம்பி சேகர் வெளியே.

“டப்பா உருட்டிக்கினு வர்ற மாதிரி இருக்குது. தெருவே பாக்குது. அம்பதத் தொடப்போற, காலேஜ்ல பாடம் எடுக்குற. உனக்கு எதுக்குக்கா இது? மரை கழண்டுச்சா?”

“கழண்டது வண்டிக்குடா.”

அவன் நண்பர் ஒருவர் வாங்கிக்கொள்வாராம், ஞாயிறு வருகிறாராம். அதற்குள் சத்தம் நிற்காவிட்டால் கொடுத்துவிடு என்றான். கோபத்தில் சரி என்றுவிட்டேன். சொன்னதை மாற்றுவதில்லை, அதுவும் இவனிடம்.

வாங்க: பால், சிவப்பு மை, போல்ட்.

நவ. 5, புதன்
பெரிய காஞ்சிபுரம், மெக்கானிக் பாபு. புது போல்ட் நிற்கவில்லை, உள்ளே மரை தேய்ந்திருக்கிறது. சட்டைப் பையிலிருந்து அரக்குப் பட்டு இழை எடுத்து போல்ட்டில் சுற்றினார். குழாய், மின்விசிறி, நாற்காலி, எது தளர்ந்தாலும் இந்த ஊரில் இதுதான் வைத்தியம்.

“பட்டு புடிச்சிக்கும் மேடம். ஒரு சுத்து எக்ஸ்ட்ராவே வெச்சிருக்கேன்.”

அந்த எக்ஸ்ட்ராவில் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“ஒண்ணும் இல்லமா, உக்காருது.”

நம்பவில்லை.

நவ. 7, வெள்ளி
மழை. சத்தம் முன்னைவிட மோசம். நானே கழற்றினேன். பட்டு ஊறி உப்பியிருக்கிறது; ஓட்டையைச் சுற்றி விரிசல். மரை இருப்பது உறையில் இல்லை, பின்னால் செருகிய இரும்பு கிளிப்பில். தேய்ந்தது அதுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பேர் கடை.

“எந்த மாடல்னு சாருக்கு போன் போட்டுக் கேளுங்கமா.”

சார் இல்லை என்றேன். மாடலைச் சொன்னேன்.

விரிசலுக்குப் பசை. காயட்டும். விடைத்தாள் ஒரு கட்டு பாக்கி.

நவ. 8, சனி
புது கிளிப், ரப்பர் வாஷர். முதல் முயற்சி தோல்வி. மேல் போல்ட்டை முழுக்க முடுக்கிவிட்டுக் கீழே வந்தால், கீழ் ஓட்டை நேராக இல்லை. அழுத்திச் சேர்க்கப் பார்த்தேன், நல்லவேளை நிறுத்தினேன். எல்லாம் தளர்த்தி மறுபடி. முதலில் எல்லா போல்ட்டும் விரலால். விரலுக்குப் போகாதது கோணலாகப் போகிறது, எடுத்துவிடு. பிறகு எதிர் எதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சம். வாஷர் நசுங்கத் தொடங்கினால் போதும். இன்னும் ஒரு சுற்று வைக்கக் கை துடித்தது. வைக்கவில்லை.

சேகர் மாடிப்படியிலிருந்து: “காலைல வர்றாரு. தொடச்சி மட்டும் வை.”

துடைத்தும் வைத்தேன்.

நவ. 9, ஞாயிறு
வெயில். நண்பர் வந்தார். ஸ்டார்ட் செய்து முறுக்கினார், உறையைத் தட்டினார், ஆட்டினார்.

“சத்தமே இல்லியேபா சேகரு. இப்பவே எடுத்துக்கினு போவட்டா?”

சேகர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. நான் குறுக்கே.

“சத்தம் நிக்கலன்னாதானே குடுக்கணும்? நின்னுடுச்சு.”

“வூட்டுக்கு வந்தவர வெச்சிக்கினு... நெஜமாவே உனக்கு மரை கழண்டுச்சுக்கா.”

“பட்டு வேணா சுத்திப் பாரேன்.”

ஹெல்மெட் மாட்டினேன். நண்பர் காபியும் கையுமாக நகர்ந்து வழிவிட்டார். திருப்புட்குழி வரை போய் வந்தேன். ஒரு வேகத்தடையிலும் மெதுவாகப் போகவில்லை.