வெள்ளைச்சி போகாத பயணம்

அக்கா,

மழைக்கு முதல் கூரை ஒழுக்கைப் பார்க்க ஏறியபோது, அலுமாரிக்கு மேல் கிடந்த பெட்டியை இறக்கினேன். மூச்சுவிட ஓட்டை போட்ட அந்தப் பலகைப் பெட்டிதான். மூடியைத் திறந்ததும் வெள்ளைச்சியின் மணம் வந்தது. அவள் செத்து எத்தனையோ வருடமாகியும் பலகை அதை விடவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் லண்டனில் முடிந்துவிட்டதாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களை நினைத்தால் எல்லாம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் தெரிகிறது. சண்டைக் காலம். கடலுக்குப் போன என்னுடையவர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் நீங்கள், என்னைக் கூட்டிவந்து குசினிக்குப் பக்கத்து அறையைத் தந்தீர்கள். சமைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், உங்கள் நாய் வெள்ளைச்சியும்.

லண்டனிலிருந்து உங்கள் தம்பி கூப்பிட்டபோது, அவளில்லாமல் வரமாட்டேன் என்றீர்கள். அங்கே இறங்கியதும் ஆறு மாதம் நாயைத் தனிக்கூட்டில் வைத்து, நோயில்லையென்று கண்டபிறகுதான் கையில் தருவார்களாம்.

“ஆறு மாதம் உள்ளுக்குப் போடுற அளவுக்கு இவள் என்ன செய்தவள் அக்கா?”

“விசர்நாய்க் காய்ச்சலுக்குப் பயம் பிள்ளை. நான் கிழமைக்குக் கிழமை போய்ப் பாப்பன்.”

மாட்டு டொக்டர் ஊசி போட்டு, கடுதாசியில் வயது, உயரம், நிறம் எல்லாம் எழுதித் தந்தார். மூதூரிலிருந்து வந்த முஸ்லிம் தச்சன் நானா நூல் பிடித்து அவளை அளந்தார். உள்ளே நிற்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்று சட்டம். “பொம்பிளைப் பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு” என்று சிரித்தார். பெட்டி பழகட்டுமென்று அதற்குள்ளேயே சோறு வைத்தோம். யாரும் நீந்தி வரக்கூடாதென்று துறைமுகத்தில் நேவிக்காரர் தண்ணீருக்கடியில் வெடி போடும்போது வீட்டுக் கண்ணாடியெல்லாம் அதிரும். உடனே ஓடிப்போய் உள்ளே படுத்துவிடுவாள். “எங்களுக்கு பங்கர், இவளுக்குப் பெட்டி” என்பீர்கள்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள், ஒரு உண்ணி இருந்தாலும் ஏற்றமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் பயணம் சொல்லப் போனீர்கள். நான் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, காது மடலிலிருந்து வால் நுனிவரை அப்பிக் காயவிட்டேன். கழுவினேன். உண்ணி போனது, மஞ்சள் போகவில்லை. சவர்க்காரம் போட்டேன், சிவந்தது.

வாசலில் வந்து நின்று பார்த்தீர்கள். “என்னடி செய்தனி? கலியாணப் பொம்பிளையாக்கிப் போட்டாய்!” விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கடுதாசியில் எழுதிய நிறம் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

விடிய வாடகை வான் வண்டியில் விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டோம். காட்டு வழியெல்லாம் பனிப்புகார். சோதனைச் சாவடிக்குச் சாவடி பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். துவக்கோடு நின்ற ஆமிக்காரன் ஒருவன் அவளுக்கு பிஸ்கட் நீட்டினான்.

விமான நிலையத்தில் நாயைப் பார்த்த அதிகாரி கடுதாசியைப் பார்த்தார், திரும்பவும் நாயைப் பார்த்தார். அவர் சொன்னதை நீங்கள்தான் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். நிறம் வெள்ளை என்று எழுதியிருக்கிறது, இது வேறு நாய் என்று அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாயம் போனபிறகு நீங்களே கூடக் கொண்டுவரலாம், நாயைத் தனியே அனுப்ப ஏலாது. உங்கள் டிக்கெட்டை ஒரு கிழமை, ஏழு நாள், தள்ளிப்போடலாம், அதற்குமேல் விசா முடிந்துவிடும்.

என் பக்கம் திரும்பினீர்கள். “பிள்ளை, உனக்குத்தான் தெரியும். இந்த மஞ்சள் எத்தினை நாளில போகும்?”

மஞ்சள் பட்ட சீலை வெயிலில் கிடந்தால் எத்தனை நாளில் வெளுக்கும் என்று குசினிக்காரிக்குத் தெரியாதா? ஆனால் அந்த நேரம் நீங்களும் அவளும் இல்லாத வீடுதான் எனக்குத் தெரிந்தது. யாருடைய காலடிச் சத்தமும் இல்லாத வீடு.

“ஒரு மாதமாகும் அக்கா. மயிரிலயெல்லோ பிடிச்சிருக்கு.”

குந்தியிருந்து, பெட்டி ஓட்டைக்குள் விரலை விட்டீர்கள். அவள் நக்கினாள். “இவளை வடிவாப் பாத்துக்கொள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

திரும்பி வந்து முற்றத்து வெயிலில் கட்டினேன். மூன்றாம் நாள் எழும்பி உடம்பை உதறினாள். பழைய வெள்ளை. பார்க்கப் பயந்து உள்ளே போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து கொமினிகேஷன் கடைக்கு நீங்கள் டெலிபோன் எடுத்தபோது முதல் கேள்வியே அதுதான். “நிறம் போச்சோ?”

“ஓம் அக்கா, போட்டுது.”

“எத்தினை நாள் எடுத்தது?”

“நான் சொன்ன மாதிரித்தான். ஒரு மாதம்.”

“அப்ப நான் நிண்டும் பிரயோசனமில்லை” என்று மூச்சு விட்டீர்கள். உங்களுக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலைப் பறிக்க ஏலாமல்தான் பிறகும் சொல்லவில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அதுவும் பொய். உங்கள் கோபத்துக்குப் பயந்தேன்.

ஏழு வருடம் அவள் என் காலடியில் படுத்தாள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் நீங்களென்று எழும்புவாள்.

மூன்று நாள்தான் எடுத்தது, அக்கா.