மயானக் காட்சிக்கு ஒன்ஸ்மோர்

பிரிக்பீல்ட்ஸ் கோயில் திடலில் நாடகக் கம்பெனி மறுபடியும் கொட்டகை போட்டிருக்கிறது. இன்று அந்தப் பக்கம் போனபோது அரிதார வாசனை வந்தது. நின்றுவிட்டேன். நீ கிள்ளான் ஆஸ்பத்திரியில் கண் மூடிய பிறகு வந்திருக்கும் முதல் கம்பெனி இது.

உன் கைக்குழந்தை காய்ச்சலில் போனபின் நீ அழவே இல்லை. சோறும் இறங்கவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க அதே கவலை. பக்கத்து வீட்டுக்காரியான நான், கப்பலில் வரும் மாதப் பத்திரிகையை எடுத்து வந்து உனக்கு வாசிப்பேன். ஒரு முறை அதில் கலைச் சுவைகளைப் பற்றிய கட்டுரை. பழைய நூலார் சுவை எட்டு என்றார்கள். பின்வந்தவர்கள் அமைதியை ஒன்பதாவதாகச் சேர்த்தார்கள். மேடையில் தோன்றும் சோகம் யாருடையது, கதையில் வருபவருடையதா, நடிப்பவருடையதா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள். கடைசியில் ஒருவர், அது பார்ப்பவர் நெஞ்சில் விளைவது, அங்கே தனி ஒருவரின் துக்கமாக இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாகி இன்பமாகிறது என்றாராம்.

“துக்கம் இன்பமாகுமாம்! எழுதினவரு புள்ளயப் பறிகொடுத்துட்டுச் சொல்லட்டும்,” என்றாய். பத்திரிகையை மூடிவிட்டேன்.

அந்த வாரமே இதே திடலில் நாடகம். அதில் மயானக் காட்சி உண்டென்று உன் மாமியார் பயந்தார். “அவள அங்க கூட்டிட்டுப் போகாதம்மா,” என்று என் கையைப் பிடித்தார். நீயோ சேலை மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாய்.

மேடையில் ஒரு தாய், மடியில் கிடந்த மகனைப் பார்த்துப் பாடினாள். கொட்டகையே விசும்பியது. பாட்டு முடியும் நேரத்தில் செத்த பிள்ளை கன்னத்துக் கொசுவைப் பட்டென்று அடித்தது.

“பொழச்சிட்டான்டோய்!” என்றது ஆண்கள் பக்கம். ஒரே சிரிப்பு. அது அடங்குமுன் பெண்கள் பக்கத்திலிருந்து, “ஒன்ஸ்மோர்!” என்று ஒரு குரல்.

உன் குரல்! பெண்கள் அப்படிக் கத்துவதில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ மேடையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

பிள்ளை மறுபடி படுத்தான். தாய் மறுபடி பாடினாள். பொய் என்று கண்ணால் கண்ட பிறகும் அதே கூட்டம் முன்னைவிட அழுதது. நீ என் தோளில் முகம் புதைத்து, தொண்டை கட்டும்வரை அழுதாய். நூல்களில் காலங்காலமாக வாதாடியது என் தோளை நனைத்துக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில், “என் புள்ளைக்குத்தான் அழுதேன். ஆனா நான் ஒருத்தி மட்டும் அழலடி, கொட்டகையே அழுதுச்சு,” என்றாய். சற்று தூரம் நடந்து, “பசிக்குது,” என்றாய்.

உனக்காக நான் வீட்டில் அழும் அழுகை வெறும் துக்கம்தான். அதில் எந்தச் சுவையும் இல்லை. ஆனால் இன்றிரவு இந்தக் கொட்டகைக்குப் போவேன். மேடையில் யார் யாருக்காகப் பாடினாலும், முன்பின் தெரியாத பெண்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து உனக்காக அழுவார்கள். அவர்களுக்கு உன் பெயர்கூடத் தெரியாது.