மலைக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலை என்று அப்பா சொன்னார், நம்பலாமா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அடுத்த மாதம் முதலாளியின் குட்டி விமானத்தை நாட்டின் மறுகோடிக்குத் தனியாக ஓட்டிப்போக வேண்டும். நேற்று ஒத்திகைக்குக் கிளம்பினேன். வழியிலுள்ள மலைமேல் மேகம் இறங்கியதும் தாண்டாமல் திரும்பிவிட்டேன்.

"பயந்துட்டியா?" என்று முதலாளி சிரித்தார்.

"ஆமா சார்."

சொன்ன நேரத்துக்கு இறங்காவிட்டால் விமான நிலையத்தார் நமக்கு வேண்டியவர்களைப் போனில் கூப்பிட்டு விசாரித்துவிட்டுத் தேடக் கிளம்புவார்கள். இங்கே யாரைச் சொல்வது? உன் எண்ணைக் கொடுத்தேன். வெறும் நடைமுறைதான், பதறாதே.

மதியம் போனை அணைத்துவிட்டுத் தூங்காதே. அவர்கள் கூப்பிட்டால், "என் பொண்ணு மேகத்தைக் கண்டா தாண்ட மாட்டா, மலைக்கு இந்தப் பக்கமே தேடுங்க" என்று சொல்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்