காய்ச்சல் இல்லை என்று நான் சொன்னேன்

போன மாதம் எனக்கு ஹெர்னியா அறுவை சிகிச்சை நடந்தது. முந்தின நாள் வார்டில், ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தபடியே நர்ஸ் கேட்டார்: "ஒரு வாரத்துல காய்ச்சல் ஏதாவது வந்துச்சா சார்?" எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அவர் இரண்டாம் முறை உரக்கக் கேட்டார். ஸ்பிரிட் காய்ந்து கை குளிர்ந்தது. அந்த வாசனையில் நான் மறுபடியும் அன்றைய ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நம் பழக்கம் ஒரு கவரில் தொடங்கியது. பாகூரில் பத்திரிகை நிருபராக நான் எழுதும் செய்திகளை ஒரு கவரில் போட்டு மத்தியான பஸ்ஸில் உன்னிடம் கொடுப்பேன். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் எங்கள் அலுவலக ஆளிடம் நீ அதைச் சேர்ப்பாய். உன் கண்டக்டர் பையில் டிக்கெட் கட்டுகளோடு என் செய்திகளும் பல வருஷம் பயணம் செய்தன. வழியில் நீ பிரித்துப் படித்துவிடுவாய். அதை மறைக்கவும் மாட்டாய்.

"இதுக்கு அரை டிக்கெட்தான் நிருபரே. பாதிதானே உண்மை" என்று படிக்கட்டில் நின்று நீ கத்தினால் பஸ்ஸே சிரிக்கும்.

ஒரு முறை மட்டும் சிரிக்காமல் வந்தாய். வாய்க்காலில் இறங்கிய உங்கள் பஸ்ஸில் பதினாறு பேர் காயம் என்று நான் எழுதியிருந்தேன்.

"பதினாலு பேர்தான். நானே எண்ணி எறக்கினேன். மீதி ரெண்டு பேர எங்கேர்ந்து புடிச்ச?"

"போலீஸ்ல சொன்னாங்க."

"போலீசா டிக்கெட் குடுத்தாங்க?"

அதற்குப் பிறகு ஒரு எண்ணை எழுதும் முன், அதை எண்ணியவர் யார் என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

வலது விலாவுக்குக் கீழே வலி என்று நீ சொன்னது கொரோனாவுக்கு முந்தைய கார்த்திகையில். ஒவ்வொரு டிரிப்புக்கும் மூன்று பஜ்ஜி தின்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்று கேலி செய்தேன். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதல் எல்லாம் முடித்து மார்ச் கடைசியில் நாள் கொடுத்தார்கள். நீ முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டாய். உனக்குப் பதிலாக வரப்போகிறவரிடம், எந்த ஸ்டாப்பில் யார் டிக்கெட் வாங்காமல் நழுவுவார் என்பதையும் சொல்லிக்கொடுத்திருந்தாய்.

அந்த வாரம் ஊரடங்கு வந்தது. உன் பஸ் நின்றது. ஆஸ்பத்திரி கொரோனாவுக்கென்று மாறியது. அறுவை அரங்குகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மூடினார்கள். மயக்க மருந்து டாக்டர்களும் நர்சுகளும் மூச்சுத் திணறுகிறவர்களின் வார்டுக்குப் போனார்கள். அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் ஒத்திவைப்பு என்று நான் எழுதினேன். சின்னச் செய்தி. மறுநாள் காலை உன் போன்.

"நாலாம் பக்கத்துல அடியில கெடக்கறது நான்தானே நிருபரே?"

தொற்றியவர், குணமானவர், இறந்தவர் என்று தினமும் மாலையில் எண்கள் வந்தன. ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலை, "நேத்துலேர்ந்து வலி விடவே மாட்டேங்குது, ஒடம்பும் அனலா சுடுது" என்றாய். பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டிய என் வண்டியை எடுத்துக்கொண்டு ஏம்பலம் வந்தேன். உன் தெருக்கோடியில் கொரோனா வந்த ஒரு வீட்டின் வாசலை மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். உன் மனைவி தனம் பக்கத்தில் நிற்க, நீ வயிற்றைப் பிடித்தபடி அதையே பார்த்தாய்.

"காய்ச்சல்னு சொன்னா நம்ம வூட்டுக்கும் தகரம்தான். அப்புறம் தனத்துக்கு ஒரு கொடம் தண்ணி எவன் குடுப்பான்?"

ஆஸ்பத்திரி வாசல் எனக்கு அத்துப்படி. நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டுவார்கள். சூடு இருந்தால் தனி ஷெட்டில் உட்கார வைத்து, சளி மாதிரி எடுத்து, முடிவு வரும்வரை அங்கேயே வைப்பார்கள். சூடு இல்லையென்றால் நேராக உள்ளே போகலாம். அதற்காகப் பலரும் கிளம்பும்போதே ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதைக் கண்டித்துச் செய்தியும் எழுதியிருந்தேன். ஆனால் அன்று உன்னிடம் சொன்னேன்: "ஒரு மாத்திர போட்டுக்க. கொஞ்ச நேரம் கழிச்சிக் கெளம்பலாம்."

"போடக்கூடாதுன்னு நீதானேப்பா எழுதின?"

"அது பேப்பருக்கு."

வில்லியனூர் வழியாகப் போனோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் உன் நெற்றி என் முதுகில் இடித்தது. வாசலில் கருவி பச்சை காட்டியது. உள்ளே, முழு உடையும் கண்ணாடியும் போட்ட இளம் டாக்டர் உன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: "காய்ச்சல் இருந்துதா?"

நீ என்னைப் பார்த்தாய்.

"இல்லை டாக்டர்" என்றேன்.

உன்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். வலிக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, "இப்ப ஒரு தியேட்டர்தான் ஓடுது, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான். காய்ச்சலோ மஞ்சளோ வந்தா ஒடனே வந்துடுங்க" என்றார்.

ஊசியில் வலி அடங்கியது. வண்டியில் ஏறும்போது நீ என் காதில் சொன்னாய்: "காய்ச்சல் வந்தா வரச் சொல்றாரு. காய்ச்சலோடதானே வந்துட்டுப் போறோம்!" இரண்டு பேரும் சிரித்தோம். மாஸ்க்குக்குள் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை நீ எழுந்திருக்கவில்லை என்று தனம் போன் செய்தாள். பித்தப்பை அழுகி, வயிற்றுக்குள் உடைந்துவிட்டிருந்தது. உடனே அறுத்தார்கள். இரண்டு நாள் இருந்தாய். பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்ததும் உடலைக் கொடுத்தார்கள். அதைக் கேட்டுத்தான் தெருவில் நாலு பேர் சாவுக்கு வந்தார்கள். அன்று மாலை வந்த எண்களில் நீ இல்லை.

பிறகு உனக்கு அறுவை செய்த நிபுணரைப் பார்த்தேன். செய்தி கேட்க வந்தவனைப் போலவே கேட்டேன். "வலியோட காய்ச்சலும் இருந்திருந்தா அது இன்ஃபெக்‌ஷன். அந்த ஒரு தியேட்டர்லயே அன்னிக்கே எடுத்திருப்போம். பாவம், அவருக்குக் காய்ச்சல் இல்லாம போச்சு" என்றார். நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை உன் வீட்டுக்குப் போவேன், தனம் கொடுக்கும் காப்பியைக் குடிப்பேன், உன் வாயாடித்தனத்தைப் பற்றிப் பேசிவிட்டு வருவேன். சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போனேன்.

இந்த முறை தையல் பிரித்த மறுநாளே போனேன்.

"ஆபரேஷன் பண்ண ஒடம்போட வண்டியிலயா வந்தீங்க? அறிவு இருக்குதாண்ணா ஒங்களுக்கு?" என்றாள் தனம்.

உட்காராமலே சொன்னேன். மாத்திரையைப் போடச் சொன்னது, டாக்டரிடம் இல்லை என்றது, நிபுணர் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்து என் பக்கம் தள்ளினாள்.

"பெரிய டாக்டர் சொன்னது தெரியாது. மத்தது தெரியும். அன்னிக்கு வூட்டுக்கு வந்ததுமே சிரிச்சிகினே சொன்னாரு. மாத்திரையப் பிரிச்சிக் குடுத்ததே என் கைதானே."

"இத்தனை வருஷம் ஒரு வார்த்த கேக்கலியேம்மா?"

"கேட்டிருந்தா அப்புறம் இந்தப் பக்கம் வந்திருப்பீங்களா?" என்றாள். "அவரப் பத்திப் பேச ஒங்கள வுட்டா எனக்கு யாருண்ணா வராங்க? அவரும் போயி, நீங்களும் வராம பூட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அதை நான் இங்கே சேர்த்து எழுதக் கூடாது. உன் கண்ணைப் பார்த்துக்கொண்டு நான் சொன்ன அந்த 'இல்லை' என்னோடுதான் இருக்கும். அதை இறக்கிவைக்க அவளிடம் போனேன். அவள் அதே பாரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு, நான் வந்துபோக வேண்டும் என்பதற்காக வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "பஸ்ஸுல போங்க. ஒடம்பு தேறினதும் வந்து எடுத்துக்குங்க."

வண்டி உன் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.