கீழ் வரிசை ஆணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், சர்க்கரையும் அடங்கிக் கிடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், பேரன் வாண்டுப்பயலுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா? சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிபண்ணியாயிற்று, வந்த பிளம்பரை அரை மணி நேரம் பிடித்து வைத்துக் கதையளந்தேன், பாவம், விட்டால் போதும் என்று ஓடிவிட்டார். போனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம் இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். திட்டுவதென்றால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

உன் அம்மா போன பிறகு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறேன் என்று நச்சரித்து ஷட்டில் கிளப்பில் சேர வைத்தாயே, அங்கே தினமும் ஆடுகிறேன், நாலு பேர் பழக்கமாகிவிட்டார்கள் என்று நான் சொன்னது அத்தனையும் புளுகு. ஏழு வாரமாக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கே போய்விடுவேன். வாசலில் ஒரு பலகை, அதில் இரண்டு வரிசை ஆணி, பேட்டை அதில் மாட்டிவிட்டு உட்கார்ந்தால் முறைப்படி நாலு பேட்டை எடுத்து நாலு பேரைக் கூப்பிடுவார்கள். மேல் வரிசை பழைய ஆட்களுக்கு, புதிதாக வந்த நமக்குக் கீழ் வரிசைதான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம்கீப்பராக சீனியாரிட்டி பார்த்தே பழகிய புத்தி, வேறெப்படிப் போகும்! எட்டு மணிக்கு விளக்கை அணைத்ததும் பேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். கிழவனோடு ஆட யாருக்கும் இஷ்டமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், வலியப் போய்க் கேட்க ரோஷம் விடவில்லை. புளுகியதற்குத் தண்டனையும் கிடைத்தது. தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அப்பாவுக்குத்தான் ஆள் கிடைத்துவிட்டதே என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். உன்மேல் தப்பே இல்லை, எல்லாம் என் வாய்க்கொழுப்பு.

அங்கே ஆடுகிறவர்களில் ஒரு பல் டாக்டரம்மா நேற்று சீக்கிரம் வந்தவர், நான் மாட்டுவதைப் பார்த்துவிட்டு, என்ன சார், ஆடாமலே கீழ மாட்டுறீங்க, நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஆடி முடிச்சுட்டு உக்காந்திருக்கீங்கன்னுல்ல நினைச்சோம் என்றார். மேல் வரிசை ஆடக் காத்திருப்பவர்களுக்கு, கீழ் வரிசை ஆடி முடித்தவர்களுக்காம். எல்லாப் பேட்டும் கடைசியில் கீழேதான் வருகிறது என்பதை ஒரு டைம்கீப்பர் கவனிக்கவில்லை பார். அந்த அம்மாவே என் பேட்டை எடுத்து மேலே மாட்டினார். ஆடினேன், இருபத்தொன்றுக்கு நாலு என்று படுதோல்வி, அந்த நாலிலும் இரண்டு அவர்களாக வெளியே அடித்துக் கொடுத்தது. ஆனாலும் கைகுலுக்கி, நாளைக்கும் வந்துடுங்க சார் என்றார்கள், சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஆளுக்கொரு வண்டியில் ஏறி அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் வந்து கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், தோத்துட்டேன் என்று உரக்கச் சொன்னேன். என்னையறியாமல் வந்துவிட்டது. கேட்பதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கிளப்புக்கு இன்றும் போவேன், கவலைப்படாதே. ஆனால் வீடு வந்தால் தனியாக இருக்க முடியவில்லை பாப்பா. இதைச் சொன்னால் நீ வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவாய் என்று பயந்துதான் புளுகினேன். கிளம்பாதே. பழையபடி தினமும் கூப்பிடு, ஐந்து நிமிஷம் போதும், பேச ஒன்றுமில்லை என்றாலும் பரவாயில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளைக்கும் சொல். எட்டேகாலுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன், அதன்பிறகு எப்போது கூப்பிட்டாலும் சரி, போனைக் கையில்தான் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா